எடைக்கல்லும் எலும்பும்

பெங்களூர்க் கண்டீரவா விளையாட்டரங்கில் விடியற்காலையில் ஓடிப் பழகுவோருள் ஒருத்தி, எங்கள் அண்டைவீட்டுத் தமிழ்ப்பெண். சென்ற ஆண்டு அவள் மெலியத் தொடங்கினாள். "இப்பொழுதுதான் ஓட்டக்காரியாகத் தோன்றுகிறாய், அம்மா" என்று நானும் பாராட்டினேன். அந்நாட்களில் அவள் இரவுணவை அறவே விட்டிருந்தாள் என்பதைப் பின்னரே அறிந்தேன். சில மாதங்களில் அவள் கால் எலும்பில் மயிரிழை போன்ற முறிவு கண்டது. மருத்துவர் முதலில் வினவியது, மாதவிலக்கு ஒழுங்காக வருகின்றதா என்பதே. நான்கு மாதங்களாக வரவில்லை. அவளுடைய இசைவுடனேயே இதனைக் கூறுகின்றேன்.

எலும்பு முறிவுக்கும் மாதவிலக்குக்கும் என்ன தொடர்பு? வருவாய் குறைந்த குடும்பம், அன்றாடச் செலவை நடத்துவதற்காக வீட்டைப் பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போடும். உடலும் அவ்வாறே செய்கின்றது. பயிற்சி போக எஞ்சும் ஆற்றல் போதாதபோது, இனப்பெருக்கச் சுரப்புகளையும் எலும்பு வளர்ச்சியையும் குறைத்துக்கொள்கின்றது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-ஆம் ஆண்டில் இக்குறைபாட்டுக்குத் தனிப்பெயரிட்டு, இது ஆடவரையும் தாக்கும் என்று எடுத்துரைத்தது.

எடைப் பிரிவுள்ள ஆட்டங்களில் இடர் இன்னும் மிகுதி. 2024 ஆகஸ்டு 7 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட், 50 கிலோ வரம்பை 100 கிராம் மிஞ்சியமையால் இறுதிப் போட்டியை இழந்தார். முந்திய இரவு முழுதும் எடையைக் குறைக்கப் பாடுபட்டார், கூந்தலையும் கத்தரித்தனர். அவர் நோயுற்றிருந்தார் என்று நான் கூறவில்லை. ஒரு தராசு மனிதரை எவ்வளவு வாட்டும் என்பதையே சுட்டுகின்றேன். அமெரிக்காவில் 1997-இல் விரைந்து எடை குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்லர்கள் உயிரிழந்தனர். அதன் பின்னரே அங்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன.

பிறர்முன் உண்ண மறுத்தல், ஓயாத எடைக் கவலை, மாதவிலக்கு நிற்றல், அடிக்கடி எலும்பு நோதல் ஆகிய குறிகளைப் பெற்றோர் கவனித்தல் வேண்டும். அதட்டலால் பயனில்லை; மருத்துவரும் உணவியல் அறிஞரும் மனநல அறிஞரும் ஒருங்கே உதவவேண்டும். 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

பயிற்சி மிகும் நாளில் உணவும் மிகவேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு வேண்டும். கன்னடர் விரும்பியுண்ணும் ராகி முத்தை, நம் கேழ்வரகுக் களியே அன்றோ! எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் மிகுதி. பருப்பும் முட்டையும் பாலும் துணை நிற்கும். சுவரை வைத்தல்லவா சித்திரம் எழுதவேண்டும்?

அப்பெண் இன்று மீண்டும் மெல்ல ஓடுகின்றாள். அவள் உடலைப்பற்றி நான் இப்பொழுது ஒன்றும் சொல்வதில்லை. "சாப்பிட்டாயா, அம்மா?" என்று மட்டுமே கேட்கின்றேன்.