வாளையார் கணவாயும் ஐரோப்பியப் புரட்சிகளும்

(வாளையாரில் நடந்த கட்சி அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வாளையார் என்றதும் எல்லையும், வரிசையாக நிற்கும் லாரிகளும், சிமெண்ட் ஆலையும்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல் இது. 1956 நவம்பர் 1 அன்று மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளத்தோடு சேர்ந்தபோது இங்கே எல்லை விழுந்தது. அது முதல் முறையன்று. 1792 முதல் 1799 வரையிலும் ஏறத்தாழ இதே பகுதியில் ஓர் எல்லை இருந்தது. மேற்கே மலபார் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில். கிழக்கே கோயம்புத்தூர் திப்பு சுல்தானின் கையில். அந்த எல்லை எப்படி வந்தது, அதன் மேற்குப் பக்கத்தில் நிலத்தில் உழைத்தவனுக்கு அதனால் என்ன நேர்ந்தது என்று கேட்டால், ஐரோப்பாவின் புரட்சிகளைப் பற்றிய பாடம் இந்தக் கணவாயிலேயே கிடைக்கும்.

பிளாசிப் போர் நடந்த 1757இல், கோழிக்கோட்டு சாமூதிரியின் படையெடுப்பைத் தாங்க முடியாத பாலக்காட்டு அரசர், அப்போது திண்டுக்கல்லில் மைசூரின் படைத்தலைவராக இருந்த ஹைதர் அலியின் உதவியை நாடினார். கணவாய் வழியே மைசூர்ப் படை இறங்கியது. போர்ச் செலவுக்காக 12 லட்சம் ரூபாய் தருவதாகச் சாமூதிரி ஒப்புக்கொண்டார், தரவில்லை. 1766இல் ஹைதரே வந்தார். பாலக்காட்டுக் கோட்டை அந்த ஆண்டுதான் இன்றைய வடிவில் எழுந்தது. 1768இல் கர்னல் வுட் அதைப் பிடித்தார்; சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783 நவம்பரில் கர்னல் புல்லர்ட்டன் பிடித்தார். அடுத்த ஆண்டு திப்புவிடம் திரும்பியது. 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்த பின் கம்பெனியின் கையைவிட்டு அது போகவேயில்லை.

இவற்றில் 1783ஆம் ஆண்டின் முற்றுகை சற்று நின்று பார்க்கத் தக்கது. புல்லர்ட்டன் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் கைப்பற்றி, ஸ்ரீரங்கப்பட்டினம் நோக்கிச் செல்ல ஆயத்தமாக நின்றார். அவரைத் தடுத்து நிறுத்தியது சமாதானப் பேச்சு. அமெரிக்க விடுதலைப் போரில் தோற்ற பிரிட்டன், அமெரிக்கர்களுக்குத் துணைநின்ற பிரான்சுடன் 1783 செப்டம்பரில் வெர்சாய் உடன்படிக்கை செய்துகொண்டது. கடலூரில் கம்பெனியோடு பொருதிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் படை, ஐரோப்பிய சமாதானச் செய்தி எட்டியதும் ஆயுதத்தைத் தாழ்த்தியது. திப்பு தனித்து விடப்பட்டார், கம்பெனியும் களைத்திருந்தது. 1784 மார்ச் 11 மங்களூர் உடன்படிக்கையின்படி பாலக்காடு மைசூரிடம் திரும்பியது. அட்லாண்டிக் கடலின் அக்கரையில் நடந்த ஒரு புரட்சியின் விளைவு, எவரும் அறியாமலே வாளையார்க் காட்டுப் பாதையைக் கடந்து சென்றது.

அமெரிக்காவில் 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த தளபதியின் பெயர் கார்ன்வாலிஸ். தோற்ற தளபதிக்கு இந்தியாவில் தலைமை ஆளுநர் பதவி கிடைத்தது. ஆளும் வர்க்கம் தன் ஆட்களைக் கைவிடுவதில்லை! 1792 மார்ச் 18 அன்று ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் ஆட்சிப் பரப்பில் பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும், பிணையாக இரு மகன்களையும் பெற்றவர் அவரே. மலபார் அப்படித்தான் கம்பெனியின் கைக்கு வந்தது. மறு ஆண்டு, 1793 மார்ச் 22 அன்று, வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தை அறிவித்து, வரி வசூலித்து வந்த ஜமீன்தார்களை நிலத்தின் சொந்தக்காரர்களாக்கியவரும் அவரே.

அதே 1793இல் பாரிசில் என்ன நடந்தது? 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்கள் தம் நிலப்பிரபுத்துவ உரிமைகளைத் துறந்ததாகப் பாடநூல்கள் சொல்லும். முழு உண்மை அதுவன்று. நிலத்தோடு பிணைந்த கடமைகளை விவசாயி பணம் கொடுத்தே மீட்டுக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டங்கள் வைத்திருந்தன. மாளிகைகளைத் தாக்கி, உரிமைப் பத்திரங்களைத் தீயிலிட்ட விவசாயிகள் அதை ஏற்க மறுத்தார்கள். நான்கு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகே, 1793 ஜூலை 17 அன்று, நிலப்பிரபுத்துவக் கடமைகள் அனைத்தும் இழப்பீடின்றி ஒழிக்கப்பட்டன.

இங்கிலாந்தின் புரட்சி வேறு வகையானது. மன்னனின் தலையை 1649இல் வெட்டிய நாடாளுமன்றம், அதற்கு முன்பே 1646இல், மன்னனுக்கு நிலவுடைமையாளர்கள் செய்ய வேண்டியிருந்த நிலப்பிரபுத்துவக் கடமைகளை நீக்கியது. முடியாட்சி மீண்ட 1660இலும் அந்த நீக்கம் உறுதி செய்யப்பட்டது. ஆனால் நிலவுடைமையாளருக்குக் குடியானவன் செய்ய வேண்டிய கடமைகள் அப்படியே இருந்தன. மேலே உள்ள கட்டு அறுந்தது. கீழே உள்ள கட்டு இறுகியது. நிலம் என்றால் ஒருவருக்கு முழுச் சொத்து, மற்றவர் அவர் விரும்பும்வரை இருப்பவர் என்ற சிந்தனை அங்கே வேரூன்றியது. கம்பெனி அதிகாரிகள் மலபாருக்குக் கொண்டுவந்தது இந்தச் சிந்தனையைத்தான்.

மைசூர் ஆட்சியில் ஜன்மிகள் பலர் திருவிதாங்கூருக்கு ஓடியிருந்தனர். மைசூர் அதிகாரிகள் நிலவரியை மதிப்பிட்டு, நிலத்தைக் கையில் வைத்திருந்த காணக்காரரிடமே நேரடியாக வாங்கினர். இதை விவசாயிகளின் விடுதலை என்று வருணிக்க வேண்டியதில்லை. வரி கடுமையானது, கிளர்ச்சிகள் கொடூரமாக நசுக்கப்பட்டன, கட்டாய மதமாற்றங்களும் நடந்தன. செருமர்கள் அடிமைகளாகவே இருந்தனர். எனினும் ஜன்மியின் பிடி தளர்ந்தது என்பது மறுக்க முடியாத உண்மை. 1792க்குப் பிறகு ஜன்மிகள் திரும்பி வந்தார்கள். கம்பெனி அவர்களை நிலத்தின் முழு உடைமையாளர்கள் என்று ஏற்றது. நீதிமன்றங்கள் அதையே சட்டமாக்கின. காணக்காரரை 12 ஆண்டுகள் முடிந்ததும் வெளியேற்றலாம் என்றாயிற்று. வேறொருவருக்கு மேல்சார்த்து எழுதிக் கொடுத்து, இருப்பவரை வழக்காடித் துரத்துவது ஜன்மிகளின் வழக்கமாயிற்று. பாரிசில் சட்ட உரிமைகள் ஒழிந்து கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே முன்பு இல்லாத சட்ட உரிமைகள் பிறந்தன. நிலவரி பாக்கிக்காக அடிமைகளை விற்கும் வழக்கத்தை நிறுத்தும் உத்தரவுகூட 1819இல்தான் வந்தது.

1836 முதல் தொடர்ச்சியாக வெடித்த மாப்பிளைக் கிளர்ச்சிகளை மதவெறி என்று எழுதித் தள்ளினார்கள் அதிகாரிகள். கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் 1881இல் குத்தகை முறையை ஆராய நியமிக்கப்பட்டார். ஜன்மியை முழு உடைமையாளராகக் கொண்டது ஆங்கிலேயரின் தவறு. ஜன்மி, காணக்காரர், உழுபவர் மூவரும் விளைச்சலில் பங்குரிமை உடையவர்கள் என்பது அவரது முடிவு. ஆட்சியாளரின் சொந்த அதிகாரியே கிளர்ச்சியின் வேர் நிலத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அரசு முதலில் கொடுத்தது, 1887ஆம் ஆண்டின் குத்தகை மேம்பாட்டு இழப்பீட்டுச் சட்டம் மட்டுமே. 1930ஆம் ஆண்டின் மலபார் குத்தகைச் சட்டமும் பெரிதும் காணக்காரருக்கே பயன்பட்டது. உழுபவனை அது எட்டவில்லை.

1957 ஏப்ரல் 5 அன்று தோழர் ஈ.எம்.எஸ். தலைமையில் பதவியேற்ற அரசு, ஆறாம் நாளே, ஏப்ரல் 11 அன்று, குத்தகையாளர் வெளியேற்றத்தைத் தடுத்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1959இல் விவசாய உறவுகள் மசோதா நிறைவேறியது. ஜூலை 31 அன்று அரசே கலைக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, ஜன்மி முறைக்கு முடிவு கட்டியது. பாரிசின் 1793 ஜூலைக்குப் பிறகு 176 ஆண்டுகள்! இடையில் நின்றது கம்பெனியின் சட்டம்.

அந்தச் சட்டத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை கிடைத்தது. ஆனால் பயிரிடும் நிலம் குத்தகையாளருக்கே போயிற்று, கூலி உழைப்பாளிக்கு இல்லை. 81ஆம் பிரிவு தோட்டங்களை நில உச்சவரம்பிலிருந்து விலக்கியது. தேயிலை, ஏலம், காபி, ரப்பர் தோட்டங்கள் அதனால் உடையாமல் நின்றன. தெற்கே இதே மலைத்தொடரில், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறிக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் இந்த விலக்கின் அடியில் வாழ்கின்றன. லயத்து வீடு வேலையோடு வருவது. ஓய்வு பெறுகிறவரின் குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் அதைக் காலி செய்ய வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் போனஸுக்காகவும் கூலிக்காகவும் சாலையில் அமர்ந்தபோது, லயத்தின் நிலைமையும் நாடறியப் பேசப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். தலைமுறைகளாக அந்த மண்ணில் உழைத்தும், வேறிடத்தில் வீடு கட்டிக்கொள்ள ஒரு சென்ட் நிலம்கூட அவர்களில் பெரும்பாலோர் பெயரில் அப்போது இருக்கவில்லை. 81ஆம் பிரிவின் தோட்ட விலக்கு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.