மேல் எது, கீழ் எது?



2025 ஜூன் இறுதியில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து பிரதமரிடம் பேசும்போது, காலைக் கட்டிக்கொண்டுதான் நிற்பதாகச் சொன்னார். அவிழ்த்தால் மிதந்துவிடுவார். ஆனால் நிலையம் இருக்கும் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு அற்றுப்போவதில்லை. தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு அங்கும் உண்டு. நிலையமும் மனிதரும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை.

மேல் எது, கீழ் எது என்று நாம் உணர்வதில் செவிக்குப் பெரும்பங்கு உண்டு. நம் உட்செவியில் மெல்லிய கூழ்ப்படலத்தின்மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் கிடக்கின்றன. தலை சாய்ந்தால் அவை சரிந்து, அடியிலுள்ள மயிரணுக்களை வளைக்கும். கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு எப்படியோ, மூளைக்கு அந்தத் துகள்கள் அப்படி.

மதுரையை அடுத்த மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிணறுகளில் நீந்தக் கற்ற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கலங்கிய தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு முங்கினாலும் மேற்பக்கம் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தண்ணீர் உடம்பைத் தாங்குகிறது, உள்ளங்காலின் அழுத்தத்தை எடுத்துவிடுகிறது. செவிக்குள் இருக்கும் துகள்களை எதுவும் செய்வதில்லை. இதனால்தான் விண்வெளி வீரர்களின் நீர்த்தொட்டிப் பயிற்சி கைவேலையைப் பழக்குமே தவிர, திசைக்குழப்பத்தைப் பழக்காது.

விண்கலத்தில் துகள்கள் எந்தப் பக்கமும் சரிவதில்லை. அப்போது மூளை கண்ணையும் உடம்பின் நெடுக்கையும் நம்புகிறது. சிலருக்குத் தலை இருக்கும் பக்கமே மேல். சிலருக்கு விளக்கு எரியும் பக்கம் மேல். சக வீரர் தலைகீழாக மிதந்து வருவதைக் கண்டதும், தாமே கவிழ்ந்துவிட்டதாகத் தோன்றிக் குமட்டுவதும் உண்டு. மீர் விண்வெளி நிலையத்தைக் கட்டிய ரஷ்யர்கள் இதை அறிந்தே தரைக்குக் கரும்பச்சையும் கூரைக்கு வெள்ளையும் கொடுத்தார்கள்.

சரி, எவ்வளவு ஈர்ப்பு இருந்தால் மூளை அதற்குச் செவிசாய்க்கும்? கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்து லாரன்ஸ் ஹாரிஸும் உடனாய்வாளர்களும் 2014இல் விடை தந்தார்கள். சுழல்கருவியில் ஆட்களைப் படுக்கவைத்து, ஆங்கிலச் சிற்றெழுத்து ‘பி’யை (p) திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். தலைகீழானால் அதுவே ‘டி’ (d). எந்தக் கோணத்தில் எது எதுவாகத் தெரிகிறது என்பதிலிருந்து, அவரவர் மனம் எதை மேல் என்று கொள்கிறது என்பதைக் கணித்தார்கள். புவியீர்ப்பில் சுமார் 15 விழுக்காடாவது வேண்டும் என்பது முடிவு.

நிலவின் ஈர்ப்பு சுமார் 17 விழுக்காடு. விளிம்பில்தான் நிற்கிறது! அப்போலோ வீரர்கள் அங்கே அடிக்கடி விழுந்ததற்குக் கனத்த உடையும் காரணம்தான்; ஆனால் உடையை மட்டும் குறைசொல்லி விட்டுவிட முடியாது. மரமோ வீடோ இல்லாத அந்த நிலத்தில் கண்ணுக்கும் பிடிமானம் குறைவு. 2040க்குள் நிலவில் இந்தியரை இறக்குவது நம் நாட்டின் இலக்கு. மகேந்திரகிரியில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் திட்டமான ககன்யானின் இயந்திரங்களைச் சோதிக்கும் அதே அக்கறையோடு, செல்லப்போகிறவரின் செவியையும் நாம் ஆராய வேண்டும் என்பேன்.

மாணவர்களே, மேல்கீழ் உணரும் இந்தப் புலனை ஆராய விண்கலம் தேவையில்லை. வயது ஏற ஏற இந்தப் புலன் மங்குகிறது. இரவில் விளக்கில்லாமல் எழுந்து நடக்கும் முதியவர் தடுமாறி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பிளாஸ்டிக் வாளியின் உள்ளடியில் நேர்க்கோடு ஒன்று போடுங்கள். வெளியடியில் பாகைமானியும் நூலில் தொங்கும் குண்டும் பொருத்துங்கள். முதியவர் ஒருவரிடம், விளிம்புக்கு வெளியே எதுவும் தெரியாதபடி முகத்தை வாளிக்குள் வைக்கச் சொல்லி, மெல்லச் சுழற்றுங்கள். கோடு நேராகிவிட்டது என்று அவர் சொன்னதும் நிறுத்துங்கள். நலமானவர்கள் இரண்டு மூன்று பாகைக்குமேல் பிசகுவதில்லை. மருத்துவர்கள் மெய்யாகவே கையாளும் சோதனை இது. மதுரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் முதியோரிடம் இதைச் செய்து பார்த்து, அடுத்த ஆண்டு இதே மேடையில் முடிவுகளைப் படியுங்கள். கேட்க நான் வருகிறேன்.