மரை போன துவாரமும் கொதிக்கும் தண்ணீரும்

(தோட்டச் சாரதிகள், கராஜ் உதவியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கொழுந்து லொறி, ட்ரக்டர், தொழிற்சாலை ஜெனரேட்டர் எதுவானாலும், தண்ணீரால் குளிரும் எஞ்சினில் கூலண்ட் ஹோஸை இணைக்க ஒரு சின்னப் பித்தளை நிப்பிள் இருக்கும். அது ஏறும் துவாரத்தில் மரை தேய்ந்துவிட்டால் சிலர் நூலைச் சுற்றி, பசையைத் தடவி, இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். மலைநாட்டில் அது ஆபத்து. நுவரெலியாவின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சினுக்குள் அது கொதிக்காமல் இருக்கிறது. நிப்பிள் ஒழுகினால் அழுத்தம் போகும், தண்ணீர் குறையும், ஏற்றத்தில் ஹெட் வளையும். நிப்பிள் தெறித்தால் கொதிநீர் பக்கத்தில் நிற்பவர் முகத்தில்தான் பாயும்.

முதல் விதி: எஞ்சின் முழுதாக ஆறும்வரை மூடியில் கைவைக்காதீர்கள். ஆறிய பிறகு, துவாரத்தின் மட்டத்துக்குக் கீழே வரும்வரை கூலண்டை இறக்குங்கள்.

அடுத்து, என்ன மரை என்று பாருங்கள். நுனி ஒடுங்கிய நிப்பிள் மரையாலேயே அடைக்கும். நேரான நிப்பிளை வாஷரோ ஓ-ரிங்கோ அடைக்கும். 8இல் ஒரு பங்கு அங்குலக் குழாய் மரையில் பிரித்தானிய வகைக்கு அங்குலத்துக்கு 28 மரை, அமெரிக்க வகைக்கு 27. ஒன்றில் மற்றது ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். "இன்னும் கொஞ்சம்" என்று ஸ்பானரைத் தள்ளும்போதுதான் அலுமினிய ஹெட்டின் மரை உரிகிறது. ஒடுங்கிய நிப்பிள் கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற வேண்டும். ஏறாவிட்டால் நிறுத்துங்கள்.

முதல் ஓரிரு மரை மட்டும் நசுங்கியிருந்தால், அதே அளவு டெப்பால் திருத்தலாம். டெப்பின் பள்ளங்களில் கிறீஸ் தடவினால் துகள் ஒட்டிக்கொள்ளும். நேராகப் பிடித்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே திருப்புங்கள். ஒடுங்கிய டெப்பை அதிக ஆழம் விட்டால் துவாரம் பெரிதாகிவிடும். துகள் உள்ளே விழுந்தால் தண்ணீர்ப் பம்பின் சீல் கெடும். நன்றாகக் கழுவி எடுங்கள்.

மரை முழுதும் உரிந்திருந்தால் பசை உதவாது. சுற்றிலும் உலோகம் தடிப்பாக இருந்தால், ஒரு அளவு பெரிதாக்கி மரை வெட்டி, உள்ளே சின்ன மரையுள்ள பித்தளை புஷ் ஏற்றலாம். நேரான மரைக்குக் கம்பிச் சுருள் போடலாம். ஆனால் சுருளின் வழியே தண்ணீர் கசியும் என்பதால் சீலண்ட் கட்டாயம். சுவர் மெல்லியதாகவோ வெடிப்புள்ளதாகவோ இருந்தால் அது லேத் வேலை தெரிந்தவரின் கைக்குப் போக வேண்டும்.

ஒடுங்கிய நிப்பிளைப் பொருத்தும்போது, முதல் மரையை விட்டு, மரை போகும் திசையில் டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். கையால் இறுகிய பின் ஸ்பானரால் ஒன்றரை இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். கூலண்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றி, எஞ்சினைச் சூடாக்கிப் பாருங்கள். ஆறிய பின் மறுபடி பாருங்கள்.

கடைசியாக ஒன்று. டெப்பும் புஷ்ஷும் வாங்கித் தருவது நிர்வாகத்தின் செலவு. தோல் வெந்து போவது நமது செலவாக இருக்கக் கூடாது. ஒழுகும் வண்டியில் ஆட்களை ஏற்றச் சொன்னால், குறையைத் தேதியுடன் எழுதிக் கொடுத்து, பிரதியைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் ஒப்படையுங்கள். வேலையின்போது காயம்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அப்போது அந்தப் பிரதிதான் உங்களுக்காகப் பேசும்.