வாத்தியார் வருகிற சனிக்கிழமை



நான் தங்கச்சிமடத்துக்காரன். பாம்பன் பாலம் தாண்டி, ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற ஊர். மீன்பிடி ஊர் என்றுதான் வெளியே பெயர். ஆனால் மதுரை மல்லி என்று நீங்கள் ஆசையாகக் கேட்டு வாங்கும் பூவுக்கு நாற்று எங்கள் மணலிலிருந்துதான் போகிறது. பூவின் பெயரை மதுரை எடுத்துக்கொண்டது. அதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை, நாற்று வளர்க்கத் தெரிந்த ஊர் என்ற பெருமை போதும். அந்த மண்ணில் ஒரு சிறுவர் இசைக்குழுவை வளர்க்கத்தான் சங்கத்தார் நீங்கள் இன்றைய விருந்தில் நிதி திரட்டுகிறீர்கள். அந்தப் பணம் எதற்குப் போக வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு நல்ல மனம் படைத்தவர்கள் வயலின்கள் வாங்கிக் கொடுத்தார்கள். விழா நடந்தது. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். சொல்லிக்கொடுக்க வந்தவர் நான்கு மாதம் வந்தார். கொடுத்த பணம் அவருக்குப் பஸ் செலவுக்கே சரியாகப் போனது, நின்றுவிட்டார். ஒரு மழைக்காலம் கழித்து அலமாரியைத் திறந்தோம். தந்தியெல்லாம் துரு. இரண்டு வயலின்களில் ஒட்டு விட்டு மேல்பலகை தூக்கிக்கொண்டு நின்றது. எங்கள் உப்புக் காற்று அப்படிப்பட்டது. வாசிக்கிற வயலினைத் தினமும் துடைப்பார்கள், தந்தி மாற்றுவார்கள், அது பிழைத்துக்கொள்ளும். வாசிக்காத வயலினைக் கடல் தின்றுவிடும். அந்த அலமாரி முன்னால் நின்றபோதுதான், வாத்தியம் வாங்குவதோடு நம் கடமை முடிந்தது என்று நினைத்த என் தவறு எனக்கு உறைத்தது.

வாத்தியாரைத் தாங்குகிற கடமையை நம் சீமையில் முன்னோர் சரியாகச் செய்திருக்கிறார்கள். ராமநாதபுரம் சேதுபதி மன்னர்களின் அவை வித்வான்களை வைத்துக் காப்பாற்றியது. அந்த ஆதரவில் இருந்தவர் பூச்சி சீனிவாச ஐயங்கார். அவரிடம் கற்றவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்று உலகம் முழுக்கக் கேட்கிற கச்சேரிக்கு ஒழுங்கும் வரிசையும் அமைத்துக் கொடுத்தவர் அவர். பின்னாளில் ராமநாதபுரம் சி.எஸ். சங்கரசிவத்திடம் பாடம் கேட்டுப் பாடகர் டி.என். சேஷகோபாலன் வந்தார். சங்கரசிவத்தின் தம்பி முருகபூபதியின் மிருதங்கத்தைச் சொல்லவே வேண்டாம். அரண்மனை குருவுக்குச் சோறு போட்டது, குரு சீடனுக்குப் பாட்டுக் கொடுத்தார். அரண்மனையின் அந்த ஆதரவு இப்போது இல்லை. அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பாட்டுப் பாடி நிதி திரட்டுவதும் நமக்குப் புதிதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடினார். அதன்பின் எத்தனையோ மருத்துவமனைகள், பள்ளிகள், கோயில்களுக்காகக் கச்சேரி செய்தார். 1974-இல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது பொதுச்சேவைக்கானது.

வசதியில்லாத வீட்டிலும் இசை வளரும் என்பதற்கு ஏ.ஆர். ரகுமானின் கதையை நம் பிள்ளைகளுக்கு இன்னொரு முறை சொல்லுங்கள். 1976-இல், அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அப்பா ஆர்.கே. சேகர் இறந்துபோனார். அப்பாவின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. அப்படி வளர்ந்தவர் 2008-இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே வயலின், வியோலா, செல்லோ இலவசமாகச் சொல்லிக்கொடுத்து உருவாக்கியதுதான் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் ஒரு கார் கொட்டகையில் பதினோரு பிள்ளைகளோடு ஆரம்பித்த இசைப் பயிற்சியும் இதே வழிதான். அதில் வளர்ந்த குஸ்தாவோ டூடமேல் பின்னால் லாஸ் ஏஞ்சலிஸ் இசைக்குழுவையே நடத்தினார்.

எங்கள் ஊருக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். பிள்ளைகளுக்கும் அதன் பெரும்பகுதியில் கோடை விடுமுறை. அப்பா வீட்டில், பிள்ளை வீட்டில், கையில் காசு மட்டும் இல்லை. வருடத்திலேயே தினம் நான்கு மணி நேரம் உட்கார்ந்து கற்க முடிகிற காலம் அது. அப்போது போய்க் கட்டணம் கேட்டால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? படகோடு பிடிபட்டு அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் வீட்டில் கேட்கவே வாய் வராது. அந்தப் பிள்ளைதான் எனக்கு முதலில் வேண்டும்.

ஆகவே கட்டடம் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். ராமநாதபுரம் அரசு இசைப்பள்ளியில் படித்துவிட்டு நிரந்தர வேலையில்லாமல் இருக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். ஒருவர் வயலின், ஒருவர் மிருதங்கம், ஒருவர் நாதஸ்வரம். மூன்று வருடத்துக்கு, தடைக்காலம் உட்பட, ஒரு மாதமும் தவறாமல். சனிக்கிழமை வாத்தியார் வருவார் என்று பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்துவிட்டால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊர் எல்லையில், பேய்க்கரும்பில், அப்துல் கலாம் ஐயாவின் நினைவிடம் இருக்கிறது. அவர் வீணை வாசிக்கும் சிலையைப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். ஒரு சிறுமி என்னிடம், "மாமா, இத தொட்டா சத்தம் வருமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் நின்றேன்.

ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு ஊர்ப்பக்கம் வருகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை வாசித்து வளர்ந்த சின்ன வயலின் வீட்டில் சும்மா இருந்தால் பெட்டியோடு கொண்டு வாருங்கள். மறக்காமல் கூடவே இரண்டு செட் தந்தியும்.