காழியரும் கூவியரும்: தமிழர் சிற்றுண்டியின் வரலாற்றில் விடுபட்ட பெயர்கள்



பத்தாண்டு நிறைவு கண்ட ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் முறுக்கையும் பிட்டையும் பற்றிப் பேசுவது பொருத்தமோ என்று சிலர் ஐயுறக்கூடும். தமிழ்க் கவிஞர்கள் அவ்வாறு ஐயுற்றதில்லை. அரசனின் படையையும் கொடையையும் பாடிய அதே பாட்டுக்குள் அடை சுடுவோரையும் அப்பம் விற்போரையும் அவர்கள் அமர்த்தினர். சிற்றுண்டியின் வரலாற்றை எழுத முனைவோர்க்கு முதற்சான்று தருவன சமையல் நூல்கள் அல்ல. பாட்டும் காப்பியமுமே ஆகும்.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மதுரையின் பகலங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. பலவகைப் பண்ணியங்களை ஏந்தித் திரியும் விலைஞர், மலை போன்ற மாடங்களின் நிழலில் களைப்பாறுகின்றனர். நரைத்த கூந்தலையுடைய முதிய பெண்டிர் செப்புகளில் பண்ணியமும் பூவும் கொண்டு வீடுதோறும் செல்கின்றனர். பண்ணியம் என்னும் சொல் தின்பண்டத்தையும் பொதுவாக விலைப்பொருளையும் குறித்தது. பின்னர் இரவு வருகிறது. தேனடையைப் போன்ற மெல்லிய அடையும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும், இனிய பாகும் கொண்டு வணிகம் செய்த கூவியர் இருந்த இடத்திலேயே உறங்கிவிடுகின்றனர். விற்றுக் களைத்தவரின் உறக்கத்தைப் பாட்டில் பதிவு செய்த அக்கவிஞனின் கண் பாராட்டத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையிலும் கூவியர் வருகின்றனர். கரிய சட்டியில் பாகு சேர்த்து அவர்கள் செய்த, இழை சூழ்ந்த வட்டமான பண்டம் பாலில் கிடப்பது அங்கே ஓர் உவமையாகிறது. கேட்போர் அனைவரும் அறிந்த பொருளையே கவிஞன் உவமையாக்குவான். ஆகவே அந்தப் பண்டம் அக்காலத் தெருக்களில் நன்கு அறிமுகமாகியிருந்தது எனலாம்.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்தில் வாழும் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது இளங்கோவடிகள் காழியரையும் கூவியரையும் குறிப்பிடுகிறார். காழியர் பிட்டு விற்போர், கூவியர் அப்பம் சுடுவோர் என்பர் உரையாசிரியர். கடலாடு காதையில் இரவுக் கடற்கரையின் விளக்குகள் எண்ணப்படுகின்றன. காழியரின் மோதகக் கடையில் முறையாக வைத்த விளக்கு, கூவியரின் குடக்கால் விளக்கு, மீன் விற்போர் விளக்கு எனப் பட்டியல் நீள்கிறது. வெண்மணலில் சிந்திய சிறு கடுகையும் கண்டெடுக்கலாம் என்னும் அளவுக்கு அந்த வெளிச்சம் இருந்ததாம். அவ்வெளிச்சத்தில் கடுகு தெரிகிறது. விற்றவரின் முகமோ பெயரோ தெரியவில்லை.

தமிழரின் சிற்றுண்டி வரலாறு முழுவதிலும் இக்குறை தொடர்கிறது. பண்டத்தின் பெயர் நிற்கிறது. தொழிலின் பெயர் சிலகாலம் நிற்கிறது. செய்த கையின் பெயர் நிற்பதில்லை. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றியிராவிடில் காழியர், கூவியர் என்னும் தொழிற்பெயர்கள்கூட நம் வழக்கிற்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே. இன்று பிட்டு விற்பவரைக் காழியர் என்று எவரும் அழைப்பதில்லை.

இந்த மறதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டென்று பலரும் கருதுவர். மதுரையில் பிட்டு விற்று வாழ்ந்த வந்தியே அவ்விலக்கு. வைகை பெருக்கெடுத்தபோது, கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். அனுப்ப ஆளில்லாத அம்மூதாட்டிக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமந்தார் என்பது வரலாறு. மணிவாசகரே பிட்டுக்கு மண் சுமந்த செய்தியைப் பாடியுள்ளார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் அதனை மண் சுமந்த படலமாக விரித்தது. மதுரையில் ஆவணித் திங்கள்தோறும் பிட்டுத் திருவிழா நிகழ்கிறது.

பிட்டின் செய்முறை அறிந்தோர்க்கு இக்கதையின் நுட்பம் விளங்கும். வறுத்த அரிசிமாவில் உப்புநீர் தெளித்துப் பிசிறும்போது, பிடித்தால் பிடிபடவும் உதிர்த்தால் உதிரவும் வேண்டும். நீர் மிகுந்தால் களியாகும், குறைந்தால் வேகாது. ஆவியில் வெந்து இறக்கும்போது சிறிது உதிர்வது இயல்பு. விலைக்கு வாராத அவ்வுதிரல்தான் ஏழை விற்பனையாளரிடம் எஞ்சுவது. இறைவனுக்குக் கூலியாக அதனையே பேசிய கதையாசிரியர், பிட்டு விற்பவரின் வரவுசெலவை அறிந்தவராதல் வேண்டும்.

ஆயினும் வந்தி என்பது பெயர்தானா? அச்சொல்லுக்குப் பிள்ளைப்பேறு அற்றவள் என்ற பொருளும் அகராதியில் உண்டு. பிட்டு விற்றவருள் பெயரோடு நிற்பவள் இவள் ஒருத்தியே என்று மகிழும் வேளையில், அந்தப் பெயரும் அவளுடைய நிலையைச் சுட்டிய சொல்லாகவே இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எழுகிறது. தாய் தந்தையர் இட்டு அழைத்த பெயர் எதுவோ, அதை வைகை கொண்டுபோயிற்று.

இனி, இடைக்காலத்திற்கு வருவோம். இன்று தமிழரின் அடையாளமாகவே கருதப்படும் இட்டலியைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் கன்னட நிலத்திலிருந்து கிடைக்கின்றன. கி.பி. 920 அளவில் எழுந்த வட்டாராதனை என்னும் கன்னட நூல் இட்டலிகையைக் குறிக்கிறது. கி.பி. 1130 அளவில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் அதன் செய்முறையைச் சொல்கிறது. உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா எடுத்துக்காட்டியபடி, அப்பழைய விளக்கங்களில் உளுந்தே முதன்மை பெறுகிறது. அரிசி சேர்த்து மாவைப் புளிக்கவைத்தல் அங்கே காணப்படவில்லை. புளித்த மாவை ஆவியில் அவிக்கும் முறை இந்தோனேசியத் தொடர்பால் வந்திருக்கலாம் என்று அவர் கருதினார். அது கருதுகோளே. அரிசியும் உளுந்தும் கலந்த மாவை முதன்முதலில் ஓர் இரவு மூடிவைத்து, காலையில் அது பொங்கி நிற்பதைக் கண்டு, கொட்டிவிடாமல் அவித்துப் பார்த்தவர் யார் என்பதற்கு எந்நூலிலும் விடை இல்லை.

விசயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அவற்றில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, தோசைப்படி, இட்டலிப்படி, சுகியன்படி எனப் படையல்கள் குறிக்கப்படுகின்றன. அரிசி, உளுந்து, நெய், வெல்லம், மிளகு ஆகியவற்றின் அளவுகள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கொடையளித்தவரின் பெயரும் அவருக்குரிய பங்கும் தெளிவாக உள்ளன. படையலில் அவர் பெறும் கால் பங்குக்கு விட்டவன் விழுக்காடு என்றே பெயர். விட்டவனுக்கு விழுக்காடும் உண்டு, பெயரும் உண்டு. மாவை இடித்தவரும் பாகுபதம் பார்த்தவரும் அக்கல்லில் பெயர் பெறவில்லை.

அக்கல்வெட்டுகளில் காரத்துக்கு மிளகே உண்டு என்பதையும் கருத வேண்டும். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு அருகே கரையிறங்கிய பின்னர், போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்து விளைபொருள்கள் நம் நிலத்துக்கு வந்தன. மிளகாய், நிலக்கடலை, முந்திரி, உருளைக்கிழங்கு, மரவள்ளி ஆகிய அனைத்தும் அக்கண்டத்துக்கு உரியவை. இவை இல்லாத இன்றைய பலகாரக்கடையை நினைத்துப் பார்க்கவும் இயலாது.

புதிய பொருளுக்குத் தமிழ் எவ்வாறு பெயரிட்டது என்பது கவிஞர்கள் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்று. மிளகுபோல் உறைக்கும் காயை மிளகாய் என்றனர் நம் முன்னோர். அப்பெயரின் இயல்பால் அது பழந்தமிழ்ப் பொருளே என்று மயங்குவோர் இன்றும் பலர். நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்றும் அது மருவி மல்லாட்டை என்றும் வழங்கும் வட்டாரங்கள், பிலிப்பைன்சின் துறைமுகத்தைத் தம் பேச்சில் சுமந்து நிற்கின்றன. அல்வா அரபுச்சொல். ஆயினும் ஊறவைத்து அரைத்த கோதுமையின் பாலைக் கிளறி, நெய் பிரிந்து வரும்வரை காத்திருக்கும் திருநெல்வேலிக் கைக்கு அது சொந்தமாகிவிட்டது. தூத்துக்குடி மக்ரூனில் சொல் ஐரோப்பாவினது. முந்திரியின் தாயகம் பிரேசில். ஐரோப்பியர் பாதாம் இட்ட இடத்தில் தூத்துக்குடியார் முந்திரியை இட்டனர். முட்டையின் வெண்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி கலந்து, கூம்பு வடிவில் பிழிந்து, மெல்லிய சூட்டில் உலர்த்தி எடுக்கின்றனர்.

எனவே, எல்லாம் நம்முடையதே என்ற பெருமிதமும் எதுவும் நம்முடையது அன்று என்ற ஏளனமும் ஒருங்கே பிழையாகும். சங்கப்பாட்டில் வரும் மோதகமும் வடசொல்தான். விதையும் சொல்லும் எங்கிருந்து வந்தாலும், அவற்றை இந்த மண்ணின் சுவைக்கு இசைவித்தவை இந்த மண்ணின் கைகள். நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அதற்குச் சான்று. அயல்நிலத்து விதை, உள்ளூர்ப் பாகுபதம் இரண்டும் கூடியே அப்பண்டம் பிறந்தது. இதே முறையில் தமிழர் பண்டங்களும் வெளியே சென்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இடியாப்பம் புட்டு மாயம் என்ற பெயரில் விற்கப்படுகிறது. முறுக்கு அங்கே பல இனத்தாரின் விழாத் தட்டுகளிலும் இடம் பெறுகிறது. கடல் கடந்து அவற்றைக் கொண்டு சென்றவரின் பெயர்களையும் நாம் எழுதிவைக்கவில்லை.

ஆனால் மொழி ஓர் உதவி செய்திருக்கிறது. பெயர்கள் மறைந்தபோதும் கைகளின் அசைவை அது பண்டங்களின் பெயர்களில் காத்துவைத்தது. மாவை விரல்களுக்கிடையே முறுக்கிச் சுற்றுவதால் முறுக்கு. துணியிலோ இலையிலோ வைத்துத் தட்டுவதால் தட்டை. உள்ளங்கையில் உருட்டுவதால் உருண்டை. பிடித்து வைப்பதால் பிடிகொழுக்கட்டை. வெந்து இறக்கிய பிடிகொழுக்கட்டையில் ஐந்து விரல்களின் தடம் அப்படியே பதிந்திருக்கும். அதைச் செய்தவளின் கையொப்பம் அது ஒன்றே. அதையும் உண்டு முடித்துவிடுகிறோம்.

நம் காலம் வேறொரு பதிவு முறையைக் கொண்டுவந்தது. புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கு 2023இலும் குறியீடு பெற்றன. இது வரவேற்கத்தக்கது. ஊரின் பெயரைப் பிறர் கவராமல் சட்டம் காக்கிறது. எனினும் அது காப்பது ஊரின் பெயரைத்தான். கூலிக்கு அமர்ந்து முறுக்குச் சுற்றும் பெண்ணின் பெயர் அச்சான்றிதழில் இடம் பெறாது. கல்வெட்டில் கொடையாளி, சான்றிதழில் ஊர், பொட்டலத்தின்மேல் நிறுவனம். சங்கப்பாட்டாவது அவர்களைத் தொழிற்பெயரால் அழைத்து, அவர்கள் உறங்குவதையும் கண்டது.

இந்த இடத்தில் இலக்கிய வட்டத்தாரின் கடமை தொடங்குகிறது. கைமுறுக்கு ஏழு சுற்றுச் சுற்றவல்ல விரல்கள் ஊருக்குச் சிலவே எஞ்சியுள்ளன. அச்சுக்குழலும் எந்திரமும் வந்தபின், சுற்றுக்கு ஏற்ப மாவின் பதத்தை மாற்றும் அறிவு அவ்விரல்களோடு மறையும். அதனோடு சொற்களும் மறையும். பாகின் பதங்களுக்கு மட்டும் கம்பிப்பதம், உருண்டைப்பதம், தக்காளிப்பதம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் எத்தனை நம் கவிதைகளில் ஏறியுள்ளன? நிலவையும் மழையையும் மீண்டும் மீண்டும் பாடும் புதுக்கவிதை, தெருமுனையில் பணியாரக் குழியைத் திருப்பும் கம்பியின் பெயரை அறியுமா?

அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஆப்பமோ பணியாரமோ சுட்டு விற்கும் ஒருவரிடமாவது அமர்ந்து பேச வேண்டும். அவர் யாரிடம் கற்றார், எந்த அரிசியைக் கொண்டார், கல்லுக்கும் கரண்டிக்கும் பதத்துக்கும் என்ன சொல் வழங்கினார் என்பதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும். அவர் இசைந்தால் அவருடைய பெயரையும் எழுத வேண்டும். அந்த ஏடுகளை ஓரிடத்தில் தொகுத்து வைக்க வேண்டும். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக நடந்தவர்களின் வழிவந்த நமக்கு, அடுத்த தெருவுக்கு நடப்பது பெரும்பாடு ஆகாது.

இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது, அதில் கவிஞர் பெயர்களோடு அப்பெயர்களும் அச்சேறட்டும்.