வில்லில் எழுதிய ஆண்டு



தபால்தலை, நாணயம் சேகரிப்பவர்களை நமக்குத் தெரியும். அமெரிக்காவில் பழைய வேட்டை வில்லையும் அம்புமுனையையும் தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். கப்பி பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு வேட்டைக்காரர்கள் பலர் அதற்கு மாறிவிட, மர வில்கள் பரண் ஏறின. இன்று அவை பேரப்பிள்ளைகளின் கைக்கு வருகின்றன.

ஃபிரெட் பேர் 1933இல் தொடங்கிய பேர் ஆர்ச்சரி நிறுவனத்தின் வில்கள் பலவற்றில் 'கனடியக் காப்புரிமை, 1953' என்று எழுதியிருக்கும். உடனே பேரன், "இது 1953இல் செய்தது" என்று முடிவு கட்டிவிடுகிறான். அது காப்புரிமை பெற்ற ஆண்டு மட்டுமே. பின்னாளில் செய்த வில்களிலும் அதே வரி உண்டு.

அப்படியானால் வயதை எப்படி அறிவது? கைப்பிடியைப் பாருங்கள். 1959 முதல் அதில் நாணயம் போன்ற உலோக வில்லையை மட்டமாகப் பதித்தார்கள். 1973 முதல் மேடான பிளாஸ்டிக் வில்லை வந்தது. ஊர்ப்பெயரையும் பாருங்கள். மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங்கில் இருந்த தொழிற்சாலை 1978இல் புளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்கு இடம் மாறியது. கெயின்ஸ்வில் என்று பொறித்த வில் 1953ஐச் சேர்ந்ததாக இருக்க முடியாது.

அடுத்தது, அவசரம். நுனி வளைந்த ரிகர்வ் வில்லை, நாண் இல்லாதபோது அது வளைந்திருக்கும் பக்கமே நாண் பூட்டுவதாக எண்ணித் தலைகீழாகப் பூட்டிவிடுகிறார்கள். ஐம்பது ஆண்டுகள் தாங்கிய வில் ஒரு நிமிடத்தில் பாழாகும். குறுக்கே மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, ஒட்டிய அடுக்குகள் பிரிந்திருந்தாலோ நாண் பூட்டவே வேண்டாம். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதும் ஆபத்து.

அம்புமுனையிலும் இதே பொறுமை தேவை. 1956இல் வந்த பேர் ரேசர்ஹெட் முனையில், இரண்டு அலகுகளுக்குக் குறுக்கே மெல்லிய சவர அலகு ஒன்றைச் செருகலாம். அந்தச் சிறு அலகு தொலையாமல் இருப்பது அபூர்வம். துரு என்று உப்புத்தாளால் தேய்த்தால் பழைய பூச்சோடு மதிப்பும் போய்விடும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். கூர்மை இன்னும் இருக்கும், விரல் பத்திரம்!

வயதையும் ஊரையும் வில்லே சொல்லிவிடும். யார் கையில் இருந்தது என்பதை வீட்டுப் பெரியவர்தான் சொல்ல வேண்டும். அவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி வில்லோடு வையுங்கள்.