கோடுகளில் எழுதிய எண்



தமிழகத்திற்கு வெளியே குடியேறிய நம்மவர்க்குக் கடைத்தெருவில் நேரும் முதல் இடர்ப்பாடு மொழியே. உறையின்மேல் உள்ள வங்க எழுத்தையோ குஜராத்தி எழுத்தையோ வாசிக்கப் பழகுவதற்குச் சில காலம் செல்லும். ஆயின் அவ்வுறையின் ஓரத்திலேயே எந்நாட்டுக் கடைப் பொறியும் வாசிக்கவல்ல எழுத்து ஒன்று உண்டு. கறுங்கோடுகளும் வெள்ளிடைகளும் மாறிமாறி அமைந்த அதனைப் பட்டைக்குறி என்றும் பார்கோடு என்றும் வழங்குகிறோம்.

அமெரிக்கரான உட்லண்டு, சில்வர் என்னும் இருவர் இதற்கு 1952-இல் காப்புரிமை பெற்றனர். தந்திக் குறிகளான புள்ளியையும் கோட்டையும் கீழ்நோக்கி நீட்டியதே இதன் தோற்றம். எனினும் 1974 ஜூன் 26 அன்றுதான், ஒஹையோ மாநிலத்து டிராய் நகர அங்காடியில், ஒரு பொதி சூயிங்கம் இன்று வழங்கும் முறைப்படி முதன்முதல் பொறியால் வாசிக்கப்பட்டது.

நம் நாட்டுக் கடைப் பொருள்களில் பெரும்பாலும் காண்பது பதின்மூன்று இலக்கக் குறி. 8901234567890 என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இறுதி இலக்கம் காவல் இலக்கம். முதற் பன்னிரண்டில் ஒற்றை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 28. இரட்டை இடத்தவற்றின் தொகை 34. அதன் மும்மடங்கு 102. இரண்டும் சேர்ந்து 130. இது பத்தால் மீதியின்றி வகுபடுவதால் காவல் இலக்கம் 0 ஆயிற்று. ஓர் இலக்கம் பிறழினும் கணக்கு ஒவ்வாது. பொறி அதனை ஏற்காது.

தொடக்கத்து 890 என்னும் எண்ணைக் கண்டதும் பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்று கருதுவோர் பலர். அஃது அவ்வெண்ணை வழங்கிய அமைப்பு இந்திய அமைப்பு என்பதை மட்டுமே காட்டும். செய்த இடத்தை அறிய உறையின் எழுத்தையே நோக்குதல் வேண்டும்.

எல்லாத் தொழிலுக்கும் ஒரே குறி பொருந்தாது. சொரசொரப்பான அட்டைப் பெட்டியில் மை பரவுமாதலால், அங்குத் தடித்த கோடுகளாலான பதினான்கு இலக்கக் குறியை அச்சிடுவர். ஊரிலிருந்து விரைவு அஞ்சலில் வரும் பொதியின் எண்ணில் எழுத்துகளும் கலந்திருக்கும். எண்ணை மட்டும் ஏற்கும் குறி அதற்குப் போதாது. நூல்களோ 978 அல்லது 979 என்னும் தனித் தொடக்கம் உடையன.

1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் மோட்டார் உறுப்புகளைக் கணக்கிடுவதற்கென அமைத்தது கியூஆர் என்னும் சதுரக் குறி. குறுக்கிலும் நெடுக்கிலும் செய்தி எழுதப்படுவதால் 7089 இலக்கங்கள் வரை அதில் அடங்கும். உயர்ந்த காப்புநிலையில் அமைத்தால், ஏறத்தாழ முப்பது விழுக்காடு சிதைந்தாலும் வாசிக்கலாம். இந்தியாவில் 2023 ஆகஸ்டு முதல், குறிப்பிட்ட 300 வணிகப் பெயர்களையுடைய மருந்துகளின் உறையில் பட்டைக்குறியோ சதுரக் குறியோ இருத்தல் வேண்டும் என்பது விதி. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றை அதனால் ஒப்புநோக்கலாம்.

இச்சதுரமே இன்று பணம் செலுத்தும் வாயிலும் ஆயிற்று. இங்கே நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். புரிந்தும் புரியாத மொழியில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “உமக்குப் பணம் வரவேண்டும், இக்குறியைக் காட்டி இரகசிய எண்ணை இடுக” என்றால், உடனே மறுத்திடுக. பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை. அதனை இட்டால் நம் பணமே நம்மை விட்டு நீங்கும்.

பொறி எண்ணை மட்டும் வாசிக்கும். அதனை நம்புவதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு நம்முடையதே.